பதனிட்டவர் பெயர்: பாலாற்றங்கரைத் தோல் நகரங்களின் வரலாறும் மக்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மோசிகீரனார் கதை இந்த அவை நன்கறிந்தது. வழிநடைக் களைப்பினால் முரசுகட்டில் என்று அறியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார் அப்புலவர். முரசு நீராட்டுக்குச் சென்றிருந்த நேரம் அது. தவற்றுக்குத் தண்டனை வாள்வீச்சு. ஆனால், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்கவில்லை; விசிறியை எடுத்தான். தமிழ் மேடைகளில் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத நிகழ்ச்சி இது. புலவர் பெயர் நிலைத்தது. அரசன் பெயர் நிலைத்தது. அந்த முரசுக்கு எருதின் தோலை உரித்து, ஊறவைத்து, மயிர் களைந்து, பதமாக்கி, வாரிட்டு இறுக்கியவன் பெயர் என்ன? பாட்டு அதைச் சொல்லவில்லை.

தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்குத் 'தோல்' என்றே பெயர். மெல்லிய இனிய சொற்களால் உயர்ந்த பொருளைச் சொல்வது தோல். பரந்த மொழியால் அடி நீண்டு நடப்பதும் தோலே. வீரன் கையில் இருந்த கேடயத்துக்கும் பெயர் தோல். பாணன் கையில் இருந்த யாழின் பத்தரைப் போர்த்தியதும் தோல். பாட்டும் போரும் இசையும் தோலின்றி நடந்ததில்லை. ஆயினும் தோலைத் தொட்டவர்களைத் தமிழ்ச் சமூகம் ஊரின் எல்லைக்கு அப்பால் நிறுத்தியது. இம்முரண்பாட்டின்மேல் எழுந்த நகரங்களே பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகியவை. அவற்றுள் ஆம்பூரை நடுவில் வைத்து, இந்நிலத்தின் வரலாற்றையும் மக்களையும் எண்ணிப்பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நீரால் பெற்ற பெயர்

வேலூருக்கு மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர் ஆம்பூர். ஒரு பக்கம் சவ்வாது மலைத்தொடர்; மேற்கே ஏலகிரி; இடையே பாலாறு. ஆம்பல் மலர்ந்த ஊர் ஆதலின் ஆம்பூர் என்பாரும் உளர். ஆம் என்பதற்கு நீர் என்னும் பொருள் உண்மையால் நீர்வளம் உடைய ஊர் என்பாரும் உளர். எப்பொருளைக் கொண்டாலும், நீரை நீக்கிவிட்டால் இவ்வூருக்குப் பெயர் இல்லை.

கருநாடகத்து நந்தி மலையில் தோன்றும் பாலாறு 348 கி.மீ. நடக்கிறது. அதில் 93 கி.மீ. கருநாடகத்தில், 33 கி.மீ. ஆந்திரத்தில், எஞ்சிய 222 கி.மீ. தமிழ்நாட்டில். வாணியம்பாடியின் அருகே தமிழ் மண்ணில் புகுந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைச் சேர்கிறது. மேலே நீர் ஓடாத நாளிலும் மணலுக்கு அடியில் ஓடுவது இதன் இயல்பு. ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி, வயலுக்கு நீரைக் கொண்டு சென்றவர்கள் இந்நிலத்து உழவர்கள். ஆறு வறண்டு கிடக்கிறது என்று வெளியூரார் சொன்னால், கைநீளத்துக்குத் தோண்டிப் பார்க்கச் சொல்லுவது பழைய வழக்கம்.

இந்த ஆறு சீறியதும் உண்டு. 1903 நவம்பரில் பெருவெள்ளம் நள்ளிரவில் வாணியம்பாடியில் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. பங்கீட்டுச் சிக்கலுக்கும் பாலாறு புதியதன்று. 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் இடம்பெற்றது. வெள்ளத்தையும் வறட்சியையும் உடன்படிக்கையையும் கண்ட ஆறு, பின்னாளில் காணவிருந்தது இவற்றினும் கொடியது.

வாளும் வாசகமும்

ஆம்பூரின் பெயர் உலக வரலாற்று நூல்களில் ஏறிய நாள் 1749 ஆகஸ்டு 3. ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் முதிர்ந்த வயதில் யானைமேல் அமர்ந்து ஆம்பூர்க் கணவாயைக் காத்து நின்றார். எதிரே முசாபர் ஜங், சந்தா சாகிபு, அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை. நவாபு களத்தில் வீழ்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். தென்னாட்டை ஆள்வது பிரெஞ்சுக்காரரா ஆங்கிலேயரா என்பதைத் தீர்மானித்த இரண்டாம் கருநாடகப் போர் இந்த ஊர் எல்லையில் தொடங்கியது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1767இல், ஐதர் அலி ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட் என்பவர் தலைமையில் கும்பெனியின் சிப்பாய்ப் படை கோட்டையை விடாமல் காத்தது. அதன் நினைவாக 'ஆம்பூர்' என்னும் சொல் அப்படைக்குப் போர்ப்பெருமையாக வழங்கப்பட்டது. வழிவழியாக வந்து பிற்காலத்துக் கூர்க்காப் படைப்பிரிவு ஒன்றின் பெருமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆம்பூரைக் கண்ணாலும் காணாத மலைநாட்டு வீரர்கள் அப்பெயரைத் தம் கொடிக்கு உரியதாகக் கொண்டிருந்தார்கள்.

வேலூர்க் கோட்டைக்குள் 1806 ஜூலை 10இல் சிப்பாய்கள் எழுந்த எழுச்சியை இந்தத் தொடர்ச்சியிலேயே வைத்துப் பார்க்கலாம். புதிய தலைப்பாகையை அணியவேண்டும் என்ற ஆணை அந்த நெருப்பை மூட்டிய காரணங்களுள் ஒன்று. அத்தலைப்பாகையில் சிப்பாய்களை உறுத்தியது அதன் தோல் குஞ்சம். தோல் தலைமேல் ஏறியதைத் தாங்காத சமூகம், அதே தோலால் பின்னர் ஒரு மாவட்டத்துக்கே சோறு போட்டது.

ஊர் வரலாறு என்று மேடைகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவரைதான் வருகிறது. நவாபு, கோட்டை, முற்றுகை. பிறகு ஒரே தாவலில் சீரகச் சம்பா அரிசிப் பிரியாணியும் கத்தரிக்காயும். சுவையான வரலாறுதான். ஆனால், இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் ஊர் எவ்வாறு பிழைத்தது, யாரால் பிழைத்தது என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

ஆவாரையும் சுண்ணாம்பும்

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா வரை தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1இல் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அது பாலாற்றங்கரை வழியே மேற்கே நீண்டது. சென்னையில் சார்லஸ் டி சூசா என்னும் யுரேசியர் தோல் பதனிடும் முறையைத் திருத்தியமைத்த பின், பதனிட்ட தோல் இலண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரோடு விலைபோகத் தொடங்கியிருந்தது. தோலுக்கு வேண்டியவை நான்கு: பச்சைத் தோல், தண்ணீர், பட்டை, ஆள். நான்கும் பாலாற்றங்கரையில் இருந்தன. ஏற்றிச் செல்ல இரயிலும் வந்தது. சாதி இந்துக்கள் தீட்டென்று ஒதுக்கிய வாணிகத்தை முஸ்லிம் வணிகர்கள் துணிந்து ஏற்றார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் மேல்விசாரமும் தோல் நகரங்கள் ஆயின.

பழைய முறையில் தோல் பதனிடுவது பல வார வேலை. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து, உப்பையும் இரத்தத்தையும் கழுவவேண்டும். பின்னர் சுண்ணாம்புக் குழி. மயிர் வேர் தளரும்வரை தோல் அதில் கிடக்கும். எடுத்து, சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, வளைந்த கத்தியால் ஒருபுறம் மயிரையும் மறுபுறம் ஒட்டியிருக்கும் ஊனையும் சவ்வையும் வழித்தெடுக்கவேண்டும். கத்தி ஓர் இழை ஆழமாகப் போனால் தோல் பாழ். பிறகு சுண்ணாம்பு நீங்கக் கழுவி, ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழிகளில் இறக்குவர். ஒவ்வொரு நாளும் தூக்கிப் புரட்டிப் போடவேண்டும். இறுதியில் கடுக்காய் நீர், அதன்பின் எண்ணெய், பிறகு நிழலில் உலர்த்தல். முழங்கால் ஆழச் சுண்ணாம்பு நீரில் நின்றவர்களின் கால்விரல் இடுக்குகள் வெந்து புண்ணாகும். விரல்நுனித் தோல் உரியும். ஆட்டின் தோலைப் பதமாக்கியவரின் தோல் தன் பதத்தை இழந்தது.

ஆவாரை தமிழ்ப் பாவலர்க்குப் புதிய செடியன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள் ஆவிரை உண்டு. காதல் கைகூடாமல் மடல் ஏறுபவன் சூடிய மாலையிலும் ஆவிரை உண்டு. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு நெருங்காது என்பது நாட்டு வழக்கு. அந்தச் செடியின் பட்டையை உரித்துக் கட்டுக்கட்டாகத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றுப் பிழைத்த குடும்பங்கள் வட ஆர்க்காட்டிலும் அதைச் சுற்றியும் ஏராளம். பூவைப் பாடிய இலக்கியம் பட்டை உரித்த கையைப் பாடவில்லை.

இத்தொழிலில் உரிமையாளரும் வணிகரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். குழிகளில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர்களும் ஏழை முஸ்லிம்களும். உழவில் நிலவுடைமையாளரைச் சார்ந்திருந்த சேரி மக்களுக்கு, வாரக் கூலியைக் காசாகத் தந்த முதல் வேலை தோல் வேலை. காசு விடுதலையின் ஒரு படியாக இருந்தது. அதே வேலை, தோல் தொடுபவன் என்ற பழைய இழிவை அவர்கள்மேல் இன்னும் இறுக்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுபவர் வரலாற்றில் பாதியை மட்டுமே சொல்பவர் ஆவர்.

ஆள் சென்றது, பட்டை வந்தது

பாலாற்றங்கரைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. ஊர் வரலாறுகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

1860இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16இல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். தமிழ் மாவட்டங்களுள் மிகுதியாக ஆள் கொடுத்தவற்றில் வட ஆர்க்காடும் ஒன்று. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, தோலைச் சென்னைக்கு ஏற்றிச் சென்ற அதே இருப்புப்பாதை வழியே மனிதரும் துறைமுகம் சேர்ந்தனர்.

அவர்கள் இறங்கிய நேட்டாலில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கேம்பர்டவுன் என்றொரு சிற்றூர். 1864இல் ஜான் வாண்டர்பிளாங்க் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த வாட்டில் மரத்தின் விதைகளை அங்கே விதைத்தார். காற்றுத் தடுப்பாகவும் விறகாகவும் வளர்ந்த மரத்தின் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பு மிகுதியாக இருப்பது பின்னர் தெரியவந்தது. நேட்டால் மலைச்சரிவெங்கும் வாட்டில் காடுகள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தேவை பெருகி ஆவாரம்பட்டை போதாமற்போனபோது, நேட்டாலின் வாட்டில் பட்டை கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. பாலாற்றங்கரைக் குழிகளில் ஊறியது. முதல் உலகப் போரில் ஆங்கிலச் சிப்பாய்களின் காலணிகளுக்காக அரசே சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோலை வாங்கிக் குவித்த காலத்தில், இத்தொழில் உச்சத்துக்குச் சென்றது.

ஊரிலிருந்து ஆள் சென்றது. ஆள் சென்ற நாட்டிலிருந்து பட்டை வந்தது. தமையன் நேட்டாலில் கரும்பு வெட்ட, தம்பி ஆம்பூரில் நேட்டால் பட்டைச் சாற்றில் நின்ற குடும்பம் ஒன்று இருந்திருக்கக்கூடாதா? இருவரும் ஒருவரை ஒருவர் மீண்டும் கண்டிரார். நிறவெறிக் கொள்கையை எதிர்த்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்துக்கொண்டது. தோல் தொழிலுக்குத் துவர்ப்பு வேண்டி நீலகிரியிலும் பழனி மலையிலும் பெருமளவில் வாட்டில் நடப்பட்டது. நீலகிரி மக்கள் சீகை என்று சொல்லும் அம்மரம் இன்று சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் விழுங்கி நிற்கிறது. ஒரு தொழிலின் வேர் எத்தனை மலைகளில் ஓடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

இந்த உறவில் இலக்கிய வட்டம் கருதவேண்டிய செய்தி வேறொன்று. நேட்டாலுக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு பதிவு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் இருந்த தழும்பு, உயரம் ஆகியவை அதில் எழுதப்பட்டன. மனிதரை எண்ணாக்கிச் சரக்காக ஏற்றிய கொடுமையின் கணக்கு அது. இருந்தும், நான்கு தலைமுறை கடந்து தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் தம் மூதாதையின் ஊரைத் தேடி வட ஆர்க்காட்டுக்கு வரமுடிவது அக்கணக்கினால்தான். ஊரிலேயே இருந்து சுண்ணாம்புக் குழியில் நின்று மறைந்தவரின் பேரனுக்கு அத்தகைய ஓர் ஏடும் இல்லை. கடல் கடந்தவனைக் கொடுங்கோலன் எழுதிவைத்தான். கடக்காதவனை ஊர் எழுதிவைக்கவில்லை.

பள்ளியும் மருத்துவமும் கவிதையும்

தோல் ஈட்டிய செல்வம் முழுவதும் பெட்டிக்குள் போகவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விசாரத்தில் பிறந்த வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965இல் அவ்வூரில் கல்லூரி எழுந்தது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் தொடங்கப்பட்டது. முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய இக்கல்லூரிகளின் வகுப்பறைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அமர்ந்து படித்தார்கள்.

மருத்துவத்தில், வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய பணி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக உலகப் புகழ் பெற்றது. ஆம்பூரில் அமெரிக்க லுத்தரன் திருச்சபையினர் 1920களில் பெதஸ்தா மருத்துவமனையை நிறுவினர். வெந்த காலோடும் இருமலோடும் வந்த தோல் தொழிலாளர்க்கு அது அண்மையில் இருந்த ஆறுதல்.

மொழியில் இந்நகரங்கள் தனித்தன்மை உடையவை. ஒரே தெருவில் தமிழும் உருதும், எல்லை ஓரத்தில் தெலுங்கும் ஒலிக்கும். முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கு இங்குள்ள மக்களின் பொழுதுபோக்கு மட்டுமன்று. பண்பாட்டின் ஒரு பகுதி. மதுரையில் பிறந்த அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். உருதுக் கவிதையின் கசல் வடிவைத் தமிழில் தந்த 'மின்மினிகளால் ஒரு கடிதம்' அவருடையது. 'ஆலாபனை' தொகுப்புக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. தோல் நெடியும் உருதுக் கவிதையும் கலந்த காற்றை அன்றாடம் சுவாசித்தவர் தமிழுக்கு அவ்வடிவைக் கொணர்ந்ததில் வியப்பில்லை. வாலாசாவை அடுத்த வேலத்தில் 1912இல் பிறந்த மு. வரதராசனார் திருப்பத்தூரில் வட்ட அலுவலக எழுத்தராகவும் தமிழாசிரியராகவும் இருந்தவர். இந்நிலம் தமிழுக்குத் தந்தவர்களின் வரிசை நீண்டது.

குரோமும் கிணறும்

1973 இந்நகரங்களின் வாழ்வில் ஒரு திருப்பம். பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு விற்பதை விட, முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் விற்றால் அந்நியச் செலாவணி மிகும் என்று சீதாராமையா குழு 1972இல் பரிந்துரைத்தது. பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது; பாதி பதனிட்ட தோலுக்கு அளவு கட்டப்பட்டது. குழிகள் போய், சுழலும் டிரம்கள் வந்தன. ஆவாரையின் இடத்தில் குரோம் உப்பு வந்தது. பல வார வேலை சில நாளில் முடிந்தது. சென்னையில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் புதிய நுட்பங்களைக் கற்றுத்தந்தது. ஏற்றுமதி பெருகியது, வேலை பெருகியது, கழிவும் பெருகியது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்ற கணக்கு. அத்தண்ணீர் உப்பையும் குரோமையும் சுமந்து வெளியே வரும். ஆவாரஞ்சாறு கலந்த பழைய கழிவு நாறியது. ஆயினும் ஓரளவு மட்கியது. உப்பும் குரோமும் மட்குவதில்லை. மணலுக்கு அடியில் நீரை ஒளித்துவைத்துக் காத்த பாலாறு, நஞ்சையும் அவ்வாறே ஒளித்துவைத்தது. கிணற்றுநீர் நிறம் மாறிற்று. தென்னை காய்ப்பை நிறுத்திற்று. நெல் விளைந்த மண்ணில் உப்புப் பூத்தது. தண்ணீர் எடுக்கப் பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 5 மாவட்டங்களில் சுமார் 900 தோல் தொழிற்சாலைகள். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்ற ஆய்வுக் கணக்கு. இவற்றைக் கருதிய நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பதையும், தீங்கு நேரும் முன்னரே தடுக்கவேண்டும் என்பதையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் ஆறு கெட்டாலும் வழக்குரைஞர்கள் முதலில் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளுள் இது ஒன்று. சட்டக் கல்லூரி மாணவர் அனைவரும் வேலூர்ப் பெயரை இதனால் அறிவர். பாலாற்றின் துயரம் இந்தியாவுக்கே ஒரு நீதியைக் கொடுத்தது.

அந்த நீதி பாலாற்றுக்கு வந்ததா? இழப்பைக் கணக்கிட ஆணையம் அமைந்தது, ஈட்டுத்தொகை குறிக்கப்பட்டது, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசவேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டோர்க்கு எஞ்சிய ஈட்டுத்தொகையைத் தரவேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கவேண்டும் என்று அது ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இவ்வாணைக்கும் இடையே 28 ஆண்டுகள். கிணறு கெட்ட உழவர் பலர் அதற்குள் மறைந்தனர்.

தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நகர்வது எளிது. அது முழு நீதியாகாது. தொழிற்சாலை மூடப்பட்டால் முதலில் அடுப்பணைவது தொழிலாளி வீட்டில். கிணறு கெட்டால் முதலில் நோய் வருவதும் பல நேரங்களில் அதே வீட்டில். ஒரே மனிதன் வழக்கின் இரு பக்கத்திலும் நிற்கிறான். இந்தச் சிக்கலை மனுவால் முழுதும் சொல்லமுடியாது, தீர்ப்பாலும் முடியாது. அது இலக்கியம் சொல்லவேண்டிய செய்தி.

இன்றைய முகங்கள்

2019 நவம்பர் 28இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், மேல்விசாரம் இராணிப்பேட்டையில், பேரணாம்பட்டு வேலூரில். எல்லைக் கோடுகள் மாறின. சங்கு ஊதும் நேரம் மாறவில்லை. விடியலில் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து வேன்களில் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். காலணித் தொழிற்சாலைகளின் தையல் வரிசைகளில் அமர்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. தொழிற்சாலைக்கு வரமுடியாத பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காலணியின் மேற்பகுதியைக் கையூசியால் தைத்து, சோடிக் கணக்கில் கூலி பெறுகிறார்கள். ஐரோப்பிய நகரக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் காலணியில் அந்தத் திண்ணையின் பெயர் இருப்பதில்லை.

இன்னொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. முன்பு வட ஆர்க்காட்டிலிருந்து கூலிக்காகக் கடல் கடந்தார்கள். கோலார்த் தங்கவயலுக்கும் சென்றார்கள். இன்று வடநாட்டிலிருந்து பாலாற்றங்கரைக்குக் கூலிக்காக வருகிறார்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். முரசுகட்டிலில் உறங்கிய புலவருக்கு விசிறி கிடைத்தது. தோல் கிடங்கில் உறங்கிய கூலியாளுக்குக் கிடைத்தது இது. அவர்களின் ஊரை, தாய்மொழியை, வீட்டாரை இம்மாவட்டத்தில் எத்தனை பேர் அறிவர்?

பாவலர் கடன்

திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டு மண்ணிலிருந்து அழகிய பெரியவன் 'தகப்பன் கொடி' உள்ளிட்ட படைப்புகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வைத் தமிழின் முன்வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். வழி திறந்திருக்கிறது. அவ்வழியில் நடக்க இன்னும் பலர் வேண்டும்.

பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டத்துக்குச் சிறிய வயதன்று. திங்கள்தோறும் கூடிக் கவிதை படிப்பதும், மலர் வெளியிடுவதும் நல்ல பணிகள். பதினோராம் ஆண்டில் அவற்றோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருவில் உள்ள முதிய தோல் தொழிலாளி ஒருவரைச் சென்று காணட்டும். அவர் பெயர், தந்தை பெயர், ஊர், வேலைக்குச் சேர்ந்த வயது, உடலில் உள்ள தழும்பு, முதல் கூலி ஆகியவற்றைக் கேட்டு எழுதட்டும். கப்பல் பட்டியல் கேட்ட அதே கேள்விகள்தாம். கேட்கும் நெஞ்சம் மட்டும் வேறு. தோல் வேலைக்கு உரிய சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கத்திக்கு ஒரு பெயர், மரத்துக்கு ஒரு பெயர், தோலின் ஒவ்வொரு பதத்துக்கும் ஒரு பெயர். தமிழும் உருதும் கலந்த அச்சொற்கள் டிரம் வந்தபோதே தேயத் தொடங்கிவிட்டன. அவற்றைத் தொகுக்க அகராதிக் குழு எதுவும் வரப்போவதில்லை. அந்தந்தத் தெருவில் குடியிருக்கும் பாவலரே தொகுக்கவேண்டும்.

கிணறுகளையும் எழுதலாம். இந்தக் கிணற்றில் இந்த ஆண்டுவரை குடித்தோம் என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆண்டுகளை வரிசைப்படுத்தினால், எந்த ஆய்வறிக்கைக்கும் குறையாத ஒரு வரைபடம் கிடைக்கும்.

நவாபு வீழ்ந்த களத்துக்கு வரலாறு இருக்கிறது. கோட்டை காத்தவர்க்குக் கொடி இருக்கிறது. கல்லூரிக்குக் கல்வெட்டு இருக்கிறது. பெயரில்லாமல் நிற்பவர்கள் குழியில் நின்றவர்கள்தாம். மென்மையான சொற்களால் உயர்ந்த பொருளைச் சொல்வதற்குத் தமிழ் தோல் என்று பெயர் வைத்திருக்கிறது. அப்பெயருக்கு உரிய பாட்டு இந்த ஆற்றங்கரையிலிருந்து வரட்டும். அதன் முதல் அடியில், பதனிட்டவர் ஒருவரின் பெயர் இருக்கட்டும்.